பாறையடி ஊற்றும் மூன்றாம் கிணறும்

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு என்பது கொஞ்சம் முந்திதான். ஆனால் இத்தனை வருடம் மோட்டார் பக்கத்தில் நின்றதில் இடது காது போய்விட்டது. காது மந்தமானவரை பம்ப் அறையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சத்தத்தில் காது நன்றாக இருப்பவனுக்கு மட்டும் என்ன கேட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தோன்றியதைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தார் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்கிறார்கள். "அண்ணே, அந்த ஊற்று விஷயத்த எழுதுங்க" என்கிறார்கள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுதிப் பழகியது பம்ப் ரெஜிஸ்டரில் எண்கள் மட்டும். இருந்தும் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த விஷயம் கேன்டீனில் மூன்று விதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் நான் மானேஜரின் டையைப் பிடித்து இழுக்கிறேன். இன்னொன்றில் அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் படுக்கிறேன். மூன்றாவதில் பிரசங்கம் செய்கிறேன். மூன்றும் பொய். மானேஜர் எதிரே வந்தால் கிணற்றின் மறுபக்கம் போய் நின்றுகொள்கிற ஆள் நான்.

நாகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அறுபதுகளின் நடுவில் திருவனந்தபுரம் வந்தேன். கிழக்கேகோட்டையில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் ஏழு வருடம் இருந்தேன். காயில் சுற்றினேன், பேரிங் மாற்றினேன், கரமனையில் ஒரே அறையில் நாலு பேரோடு படுத்தேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. ரிப்பேருக்கு வந்த ஒரு பம்பைத் திருப்பிக் கொண்டுபோய் மாட்டுவதற்காக ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். மாட்டினேன். அங்கே எஞ்சினியராக இருந்த மாத்யூ சார் பம்பின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவன் இங்கே நிக்கட்டும்" என்றார். எனக்கு நடந்த இன்டர்வியூ அவ்வளவுதான்.

ஹோட்டல் விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரையில் இருந்தது. பெயர் வேண்டாம். மேட்டிலிருந்த தென்னந்தோப்பை வாங்கி ஓலைக் கூரை போட்ட வீடுகள் கட்டியிருந்தார்கள். கீழே மணலில் மீன்பிடிக்கிறவர்களின் ஓலைக் கூரை வீடுகள். மேலே இருந்ததற்கு காட்டேஜ் என்று பெயர், கீழே இருந்ததற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். ஓலை இரண்டுக்கும் ஒரே தோப்பிலிருந்து வந்ததுதான்.

கரைவலை இழுக்கிற இடத்தில் ஹோட்டல்காரர்கள் குடைகளை நட்டார்கள். வலைக்கயிறு வந்து குடையைச் சாய்க்கும். மானேஜர் மேட்டிலிருந்து ஓடி இறங்குவார். அவர் வந்து சேர்வதற்குள் வலை கரையேறியிருக்கும். ஒரு நாள் ஜட்டியோடு படுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இழுத்தவருக்குப் பங்கு உண்டு என்பது கடற்கரை வழக்கம். அவருக்கும் நாலு சாளை மீன் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் சமையலறைக்குப் போய்ப் பொரித்துத் தரச் சொன்னார். அவரை ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாமல் மானேஜர் பட்ட பாடு எங்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

மாத்யூ சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டயத்துக்காரர், ஒல்லி, மணலிலும் ஷூ போட்டுத்தான் நடப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் கைக்குட்டையில் சுற்றி இருக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் அந்த ஸ்பூனில் எடுத்து, நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, பக்கவாட்டில் துப்பிவிட்டு விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் நல்ல தண்ணீர். இரண்டு என்றால் கவனம். மூன்று என்றால் மோட்டாரை நிறுத்து. மருந்து விட்டுப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சொல்லப் பிடிக்காத விஷயத்தைச் சொல்லும்போது ஆளைப் பார்க்க மாட்டார், மோட்டாரைப் பார்த்துச் சொல்வார். "பொங்கலுக்கு ஊருக்குப் போக பற்றில்லா, கேட்டோ" என்று, லீவு கிடையாது என்பதை, அவர் முதல் தடவை மோட்டாரிடம் சொன்னபோது, ஒரு நிமிடம் அந்த மோட்டாருக்காக வருத்தப்பட்டேன்.

உப்புப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கண்ணாடிக் குவளையில் கோடு வரை தண்ணீர் எடுக்க வேண்டும். அதில் மஞ்சள் மருந்து இரண்டு சொட்டு. பிறகு வெள்ளி மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். பால் போலக் கலங்கும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடம் சிவந்து, கலக்கினால் மறைந்துவிடும். எந்தச் சொட்டில் சிவப்பு மறையாமல் செங்கல் நிறமாக நின்றுவிடுகிறதோ அந்த எண்ணிக்கையை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சொட்டு கூடினால் உப்பு கூடியிருக்கிறது. இதற்குக் காலேஜ் படிப்பு வேண்டாம், அவசரப்படாத கை போதும். வெள்ளி மருந்து பட்ட விரல் கறுத்துப்போகும், எந்தச் சோப்புக்கும் போகாது. பெண் பார்க்கப் போனபோது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன். எனக்கு விரல் ஏதாவது குறைவோ என்று பெண் வீட்டார் பயந்துவிட்டார்களாம்.

தினமும் காலை நாலரைக்கு வேலை தொடங்கும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்ப்பேன். பம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றைப் போக்கி மோட்டாரைப் போடுவேன். மேல்தொட்டி நிரம்பியதும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் விடுவேன். கோடையில் அரைப் பங்கு கூடுதல். பிறகு இன்னொரு குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் மஞ்சளானால் பவுடர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

கீழே செம்பாறை மேட்டின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. மேட்டில் பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி மணலுக்கு அடியில் கசிகிற இடம். கடற்கரை வீடுகள் அத்தனைக்கும் குடிக்கவும் கஞ்சி வைக்கவும் அதுதான். கடல் வற்றி நிற்கும் நேரம் பார்த்துப் பெண்கள் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். முதலில் ஊறுவதைக் கடல் பக்கம் எறிந்துவிடுவார்கள், அது கடலின் பங்கு. பிறகு சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. தன் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீனைப் பார்க்கப் போகலாம், முறை தவறாது. கடைசியாக மொள்ளுகிறவர் குழியை மூடிவிட்டுப் போக வேண்டும்.

வாரம் ஒரு முறை அந்த ஊற்றிலும் தண்ணீர் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் சார். எனக்கோ பெண்கள் கூட்டம் என்றால் கால் நகராது. அவர்கள் போகட்டும் என்று படகுக்குப் பின்னால் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிலோமி சேச்சி என்று ஒருவர் இருந்தார். மீன் விற்கிறவர், அந்தப் பெண்களில் யாருக்கும் அஞ்சாத வாய் அவருடையது.

"பம்பு அண்ணே, கடலு அங்கேயேதான் கிடக்கும், எங்கயும் போவாது. வந்து வெள்ளம் எடுத்துட்டுப் போ" என்பார். அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். எல்லோரும் சிரிப்பார்கள். நான் குப்பியை நிரப்பிக்கொண்டு, மூடியைப் போட மறந்து, மேடு ஏறுவேன்.

மேலே இரண்டு கிணறுகள் இருந்தன. அவை மனிதர்களுக்குப் போதும். புல்லுக்குத்தான் போதவில்லை. எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து பதித்த புல். இத்தனை தென்னை மரம் கேட்காத தண்ணீரை அது கேட்டது. போதாததற்குக் கடலைப் பார்த்தபடி ஒரு நீச்சல் குளம். "இவ்வளவு பெரிய கடலு கிடக்கும்போ இவங்களுக்கு இது எதுக்கு? கடலுல மீன் மூத்திரம் பெய்யும்னா?" என்று பிலோமி சேச்சி என்னைக் கேட்டார்.

ஆகவே மூன்றாவதாக ஒரு கிணறு தோண்டினார்கள். ஊற்றுக்கு நேர் மேலே, பாறைச் சரிவில். மாத்யூ சார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தாணு, நல்ல வெள்ளம் உப்பு வெள்ளத்துக்கு மேலே கிடக்கும், பாயசத்துக்கு மேலே நெய் மாதிரி. ஸ்பூனால எடுத்தா நெய் வரும். உருளியவே சாய்ச்சா எல்லாம் கூடி வரும்." ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். மானேஜர் புல்லைப் பற்றி எழுதிப் பதில் அனுப்பினார். மறுநாள் சார் பம்ப் அறைக்கு வந்து, மோட்டாரைப் பார்த்து, "எட்டு மணிக்கூர் ஓடும்" என்றார்.

ஓடியது. ஊற்றுத் தண்ணீர் எப்போதும் பன்னிரண்டு சொட்டு கேட்கும். அந்தக் கோடையில் இருபது ஆனது, பிறகு முப்பத்தைந்து. பங்குனியில் அறுபதைத் தொட்டது. சாரை அழைத்துக்கொண்டு போனேன். ஸ்பூனை நாக்கில் வைத்தார், துப்பினார், மூன்று விரல் காட்டினார். கொஞ்சம் யோசித்து நாலாவதையும் நீட்டினார். நாலாவது விரலுக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லித்தரவே இல்லை.

கடற்கரையில் முதலில் கடலைக் குற்றம் சொன்னார்கள். பிறகு புனிதருக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யவில்லை என்றார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்கள். கடலையும் புனிதரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது, என்னைக் கேட்கலாம்.

"பம்பு அண்ணே, எங்க வெள்ளத்துல உப்பு போடுறது நீயா?" என்றார் பிலோமி சேச்சி.

"இல்ல சேச்சி."

"பின்ன உன் விரலு ஏன் கறுத்துக் கிடக்கு?"

"அது உப்பு பாக்குற மருந்து."

"பாத்தியா? எவ்வளவு?"

"அறுபது."

"அறுபது என்ன?"

"சொட்டு."

"உன் சொட்ட வச்சு எம் பிள்ளைகளுக்கு கஞ்சி வைக்கலாமா?"

சிரிப்பதற்கு அன்று யாரும் இல்லை. மற்றப் பெண்கள் குடத்தோடு மேடு ஏறி, ரோட்டில் ஒன்றரை மைல் நடந்து, சந்திப்பிலிருந்த குழாய்க்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அது ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் மீன் நாறுகிறது, தள்ளி நில்லு என்பார்களாம். மானேஜருக்கோ இது வேறு விதமாகப் பட்டது. "குடிக்க வெள்ளம் இல்லாத இடத்தில ஏன் இருக்கணும்? வேற இடம் பாக்கட்டுமே" என்று அவர் ஆபீசில் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அப்போது எனக்கு இரண்டு காதும் நன்றாக இருந்தன.

ஒரு நாள் காலை விருந்தாளிகள் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் பிலோமி சேச்சி ஊற்றுத் தண்ணீரில் டீ போட்டுக் கெண்டியில் கொண்டுவந்தார். மானேஜருக்கு மரியாதையாக ஊற்றிக் கொடுத்தார். மானேஜரும் மரியாதைக்காரர்தான். ஒரு வாய் குடித்து "நைஸ்" என்றார். இரண்டாவது வாய் குடிக்கவில்லை. அதன் பிறகு கடற்கரைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாக நாள் குறித்தார்கள். ஊற்று கெட்டதற்கு மூன்றாம் கிணறு காரணம் என்று அவருக்குப் பட்டால் கிணற்றை மூட வேண்டும். மனு பொய் என்று பட்டால் மோட்டார் ஓடும், கடற்கரை காலியாகும்.

அதிகாரி வருவதற்கு முந்தின மாலை மாத்யூ சார் பம்ப் அறைக்கு வந்தார். மோட்டாரின் தலையில் கை வைத்தார்.

"நாளைக்கு காலத்தே மேல்தொட்டியிலேருந்து ஒரு ஹோஸ் கீழே இறங்கும்" என்று அதனிடம் சொன்னார். "ஊற்று மணல்ல ரெண்டு மணிக்கூர் வெள்ளம் விழும். ஏழு மணிக்கு முன்னே ஹோஸ் மேலே ஏறும்."

மோட்டார் பதில் சொல்லவில்லை. ஹோஸ் கீழே வரை எட்டுமா என்று நான் அளந்து பார்த்தேன்.

செய்தேன். இதை மலரில் தெளிவாகப் போடுங்கள், ஹோஸை இறக்கியது நான்தான். வேலை போனால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்தேன், தொட்டியை நிரப்பினேன், தாழம்புதர் வழியாக ஹோஸை இழுத்து அதன் முனையை மணலில் புதைத்தேன். ஏழுக்கு முன்னால் சுருட்டி மேலே ஏற்றிவிட்டேன். என் கால்தடத்தைக்கூடத் தென்னை மட்டையால் பெருக்கினேன்.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். வயதானவர், குடை பிடித்திருந்தார். மானேஜர், மாத்யூ சார், மருந்துப் பெட்டியோடு நான், சுற்றிலும் கடற்கரைப் பெண்கள். பிலோமி சேச்சி குழி தோண்டினார். முதல் தண்ணீரைக் கடலுக்கு எறிந்தார். அடுத்ததை உள்ளங்கையில் எடுத்து வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதிகாரியும் சிரட்டையில் வாங்கிக் குடித்தார். "நல்ல வெள்ளமாச்சே. எங்க வீட்டில வர்றதும் இது போலத்தான்" என்றார்.

மானேஜர் சிரித்தார். என்னை உப்புப் பார்க்கச் சொன்னார்கள். மணலில் குந்தி உட்கார்ந்து சொட்டு விட்டேன். ஒன்பதாவது சொட்டிலேயே சிவப்பு நின்றுவிட்டது. அந்த ஊற்றில் அவ்வளவு குறைவாக நான் பார்த்ததே இல்லை. அதிகாரி ஃபைலை மூடப் போனார்.

"சாரே, அதத்தான் நானும் சொல்லுறேன்" என்றார் பிலோமி சேச்சி. "இது சாரோட வீட்டு வெள்ளம். எங்க ஊத்து வெள்ளத்துக்கு மணமே கிடையாது. இது குழாய் மாதிரி மணக்குது."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. காலையில் தொட்டி நிரம்பியதும் வாளியை எடுத்து, பவுடரைக் கரைத்து, தெளிய வைத்து, கோடைக்கான அரைப் பங்கும் கூடச் சேர்த்து ஊற்றியிருக்கிறேன். இன்றைக்கு இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற யோசனையே கைக்கு இல்லை. அதிகாரி, மானேஜர், சார், நான், நாங்கள் நாலு பேரும் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் குடித்து மூக்கு பழகிப்போனவர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அந்த வாசனைதான்.

"மணத்துக்கும் பரிசோதனை உண்டா?" என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லை, சார்" என்றார் மானேஜர்.

பெட்டியில் பவுடர் பார்க்கிற இன்னொரு குப்பி இருப்பது சாருக்கும் எனக்கும்தான் தெரியும். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்டீனில் சொல்கிறார்களே, நான் எழுந்து நின்று பிரசங்கம் செய்தேன் என்று, அந்த நேரம் இதுதான். நான் எழவில்லை. பெட்டியின் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்யூ சார் பேசினார். கடற்கரையில் மோட்டார் கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டி வந்தது.

"தாணு, மற்ற குப்பியையும் எடு."

எடுத்தேன். நாலு சொட்டு விட்டேன். கல்யாண வீட்டு மஞ்சள் தண்ணீர்போல ஆகிவிட்டது. குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அதிகாரி அது என்ன என்று கேட்டார். பிளீச்சிங் பவுடர் என்று சார் சொன்னார்.

"இந்தப் பாறை தானாவே பவுடரும் போடுமோ?" என்றார் அதிகாரி.

"ஹோஸ் இறக்கச் சொன்னது நான்" என்றார் மாத்யூ சார். "இவன் சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான். அந்தக் கிணறு ஓடினா இந்த ஊற்று செத்துப்போகும். நான் எழுதியும் கொடுத்திருக்கேன்."

சார் அன்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானாக அந்தக் குப்பியை எடுத்திருப்பேனா என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். எடுத்திருக்க மாட்டேன். வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மேடு ஏறும்போது சார் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "பவுடர் இட்டது ஓர்மையில்லையோ?" என்றார்.

"நாலரைக்கு எழுந்தா கை தானா போட்டுருது சார்" என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார், மறுபடியும் சிரித்தார். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். போகச் சொன்னார்களா, போனாரா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் கிணற்றை மூட உத்தரவு வந்தது. நான் திட்டம் போட்டுத்தான் பவுடர் கலந்தேன் என்று கடற்கரைக்காரர்கள் நம்பினார்கள், மானேஜரும் நம்பினார். கடற்கரைக்காரர்கள் எனக்கு ஒரு நெய்மீன் கொடுத்தார்கள். மானேஜர் என்னைக் கழிவுநீர் பம்புக்கு மாற்றினார். ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். அங்கே ருசி பார்க்க ஸ்பூன் தேவைப்படவில்லை. புல் காய்ந்து பழுப்பானது. ‘இயற்கைப் புல்வெளி’ என்று ஒரு பலகை எழுதி வைத்தார்கள், விருந்தாளிகள் அதையும் படம் பிடித்தார்கள்.

உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. மாதம் ஒரு முறை ஹோட்டல் ஆள் வந்து, பெண்கள் முன்னால் ஊற்றில் உப்புப் பார்க்க வேண்டும். சொட்டு எண்ணத் தெரிந்தவன் ஹோட்டலில் நான் ஒருவன்தான். கழிவுக் குழியிலிருந்து குளித்துவிட்டு வந்து மணலில் உட்காருவேன். பெண்கள் சுற்றி நின்று சத்தமாக எண்ணுவார்கள், வேண்டுமென்றே எண்ணைத் தாண்டிச் சொல்லி என்னைக் குழப்புவார்கள். முதல் மாதம் அறுபதுக்கும் மேல். மழைக்குப் பிறகு நாற்பத்தெட்டு. அடுத்த கோடையில் ஏறிவிடும் என்று பயந்தேன், ஏறவில்லை, அதற்குள் முப்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அதுவரை ரோட்டுக் குழாய்க்கு நடப்பது நிற்கவில்லை. இரண்டு வீட்டார் கடற்கரையை விட்டே போய்விட்டார்கள்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலை போனேன். பிலோமி சேச்சி குழி தோண்டி முதல் தண்ணீரை எறிந்திருந்தார். நான் குவளையில் கோடு வரை எடுத்துக்கொண்டு சொட்டு விடத் தொடங்கினேன். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் குடித்தார். பிறகு, ஊற்று கெட்டதிலிருந்து முதல் தடவையாக, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றத் தொடங்கினார்.

"சேச்சி, நில்லுங்க. இன்னும் பாத்து முடியல."

"நீ எண்ணு அண்ணே, உன் வேலையை எதுக்கு நிறுத்துற?" என்றார்.

நான் பதினாலாவது சொட்டை விட்டுக் கலக்கினேன். சிவப்பு மறைந்தது. பதினைந்தாவதை விடுவதற்கு நிமிர்ந்தபோது, அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படகுகளைத் தாண்டி வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.